நீலத்தின் மேல் பொன் பட்டை

இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்தின் குலச்சின்னத்தை நாம் சித்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு வாக்கியம். ஸ்க்ரோப் குடும்பத்துக்கு உரியது, நார்மன் பிரெஞ்சில் சொன்னால், ‘அஸூர், எ பெண்ட் ஓர்’. நீலக் களம், அதில் பொன்னிறச் சாய்பட்டை. எந்த நீலம் என்று வாக்கியம் சொல்லாது. பட்டையின் அகலத்தையும் சொல்லாது. (பின்னால் வந்த கையேடுகள் கேடயத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிவைத்தன. சைத்ரிகர்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை.) பொன்னுக்கு மஞ்சள் பூசினாலும் குற்றமில்லை. ஆனால் பட்டை, கேடயம் ஏந்துபவனின் வலத்தோள் பக்கமிருந்து, அதாவது பார்க்கிற நமக்கு இடப்பக்கமிருந்து, இறங்கியாக வேண்டும். திசை மாறினால் அது வேறு சின்னம். ஆகவே இரண்டு ஓவியங்களை அருகருகே வைத்து ‘எது சரி’ என்று கேட்பவர் கேள்வியையே தவறாகக் கேட்கிறார். பாடபேதங்களைக் கண்டாலே மூலம் கெட்டுவிட்டது என்று பதறுகிற நம் பண்டிதர்களை எனக்கு இது நினைவுபடுத்துகிறது.

உண்மையான சங்கடம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 1385இல் இரண்டாம் ரிச்சர்டின் படை ஸ்காட்லாந்துக்குப் போனபோது, ரிச்சர்ட் ஸ்க்ரோப் தன் சின்னத்தையே இன்னொருவர் அணிந்திருக்கக் கண்டார். அவர் செஷயர்காரர், ராபர்ட் க்ரோவ்னர். வித்தியாசம் எதுவும் இல்லை. வழக்கு மூண்டது. நூற்றுக்கணக்கான சாட்சிகள் வந்தார்கள். மாதா கோயில் ஜன்னல்களையும் கல்லறைகளையும் முத்திரைகளையும் ஆதாரமாகக் காட்டினார்கள். ஸ்க்ரோப் பக்கம் லங்காஸ்டர் பிரபு ஜான் ஆஃப் கான்ட். க்ரோவ்னர் பக்கம், பிற்பாடு வேல்ஸில் கலகம் செய்த ஓவைன் க்ளிண்டூர்.

1386 அக்டோபரில் வெஸ்ட்மின்ஸ்டரில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஜெஃப்ரி சாஸர். அவரைப் பற்றிய ஆவணங்கள் ஏராளம்; ஒன்றுகூட அவரைக் கவிஞர் என்று குறிப்பிடவில்லை. இங்கும் அவர் நாற்பதும் அதற்கு மேலும் வயதான ஒரு போர்வீரர்தான். அந்தத் தெளிவற்ற ‘அதற்கு மேலும்’ என்பதை வைத்துக்கொண்டுதான் அவர் பிறந்த வருஷத்தைக் கணக்கிடுகிறார்கள். பிரான்ஸில் ரெதெல் நகரின் முன்னால், தான் சிறைபிடிக்கப்பட்ட அந்தப் படையெடுப்பில், ரிச்சர்ட் ஸ்க்ரோப் முழுச் சின்னத்துடனும், ஹென்றி ஸ்க்ரோப் அதே சின்னத்தின் மேல் ஒரு வெள்ளைத் தொங்கல்பட்டையுடனும் நின்றதைப் பார்த்ததாகச் சொல்கிறார். ஒரே குடும்பத்தின் இரு கிளைகளைப் பிரித்துக்காட்ட அந்த வெள்ளைத் துண்டு போதும். அனுமதிக்கப்பட்ட மாறுதல் என்றால் இதுதான்.

பிறகு அவர் சொன்னதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். லண்டனில் ஃப்ரைடே தெருவில் நடந்துபோகையில் வெளியே தொங்கிய புதுப் பலகையில் அதே சின்னம். ஸ்க்ரோப் சின்னத்தைத் தொங்கவிட்டிருக்கும் இந்த விடுதி எது என்று விசாரிக்கிறார். ஐயா, இது ஸ்க்ரோப்புக்காக எழுதியதல்ல, க்ரோவ்னர் என்னும் செஷயர் வீரருக்காக எழுதியது என்று ஒருவர் பதில் சொல்கிறார். அந்தப் பெயரை அதுவரை கேட்டதே இல்லை என்கிறார் சாஸர். பலகை எழுதியவன் ஒரு தப்பும் செய்யவில்லை. நீலம், பொன், சாய்வு எல்லாம் கச்சிதம். பார்த்தவருக்கு அது ஸ்க்ரோப், எழுதுவித்தவருக்கு க்ரோவ்னர். துல்லியத்தால் தீராத பிரச்னை இது.

1389இல் ஸ்க்ரோப்புக்குத் தீர்ப்பாயிற்று. வெள்ளை விளிம்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு க்ரோவ்னர் சின்னத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மேல்முறையீட்டில், 1390 மேயில், அரசர் அதையும் மறுத்துவிட்டார்: அத்தகைய விளிம்பு ரத்த உறவினருக்கானது, அந்நியருக்குப் பொருந்தாது. மாறுதலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. க்ரோவ்னர் நீலக் களத்தை வைத்துக்கொண்டு, பட்டையின் இடத்தில் பொன் கோதுமைக் கதிர்க்கட்டை ஏற்றுக்கொண்டார்.

அந்தக் குடும்பம் மறக்கவில்லை. 1880இல் டெர்பி பந்தயத்தில் ஜெயித்த வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு க்ரோவ்னரின் குதிரைக்குப் பெயர் ‘பெண்ட் ஓர்’. ஜெயித்த உடனே, இது பெண்ட் ஓரே அல்ல, அதே லாயத்து டாட்காஸ்டர் என்னும் குதிரை, குட்டியிலேயே ஆள் மாறிவிட்டது என்று ஆட்சேபணை கிளம்பிற்று, தள்ளுபடியும் ஆயிற்று. 2012இல் அதன் எலும்பின் மரபணுவைச் சோதித்தவர்கள் டாட்காஸ்டர் பக்கம்தான் சாய்ந்தார்கள்.