எழுத்து சிலருக்கு வசப்படாதது ஏன்?

வாடிப்பட்டி பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பலகையில் ஊர்ப்பெயர் பெரிதாக எழுதியிருந்தும், "தம்பி, இது சோழவந்தான் போகுமா?" என்று கேட்கும் பெரியவர்களைக் காண்பீர்கள். இவர்களுள் பலர் பள்ளிக்கே போகாதவர்கள். போயும் எழுத்துக் கூட்டி வாசிக்க வராதவர்களும் உண்டு. "மண்டையில் ஏறவில்லை" என்று ஊர் அவர்களைத் தள்ளிவிடுகிறது. இது சரிதானா?

1887இல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், மூளை நோயால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களின் நிலைக்கு 'டிஸ்லெக்சியா' என்று பெயரிட்டார். நோயில்லாமலே இக்குறை பிறவியில் வரக்கூடும் என்பதை 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கில் மார்கன் எடுத்துக்காட்டினார். அவர் கண்ட 14 வயதுச் சிறுவன் கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான்! பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே முதல்வன் என்றார் அவன் ஆசிரியர். ஆகவே இது அறிவுக் குறைவு அன்று.

நாட்டுக்கு நாடு இது மாறுமா? 2001இல் பவுலேசு என்ற இத்தாலிய அறிஞரின் குழு, வாசிப்புக் குறைபாடுள்ள இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கிலேயக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தது. வாசிக்கும்போது மூவினத்தாருக்கும் இடப்பக்க மூளையின் ஒரே பகுதியில் செயல்பாடு குறைந்திருந்தது. ஆயினும் இத்தாலியர் மற்ற இருவரையும்விட நன்றாக வாசித்தனர். காரணம், இத்தாலிய மொழியில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. குறை ஒன்றே, அதன் சுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுத்துமுறை.

நம் தமிழும் ஓரளவு சீரானதே. ஆனால் எழுத்துகள் 247. 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ பின்னே வருகிறது. தடுமாறுபவருக்கு இதுவே ஒரு மலை.

1990களில் அறிவொளி இயக்கம் நம் கிராமங்களுக்கு இரவு வகுப்புகளைக் கொண்டுவந்தது. கையெழுத்துப் போடக் கற்றதோடு நின்றுவிட்ட ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருக்கு இருந்தது சோம்பலா, இக்குறைபாடா என்று கேட்க அன்று சட்டமும் கைகொடுக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் இது இடம்பெறவில்லை; 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் சேர்ந்தது.

கண், காது, கை மூன்றையும் சேர்த்துப் பயிற்றும் முறையை 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்காம் ஆகியோர் வகுத்தனர். வாயால் சொல்லி மணலில் விரலால் எழுதிய நம் திண்ணைப் பள்ளி நினைவுக்கு வருகிறதா? இன்று மாலை அந்தப் பெரியவர் அருகில் உட்காருங்கள். அவசரமின்றி, ஒவ்வோர் எழுத்தாக!