ஒரு பெயருக்கு இரண்டு முகவரி

அலுவலகத்துக்குள்ளேயே நிறுவப்பட்ட இணையதளம் ஒன்று வெளியூரிலிருந்து கேட்பவருக்கு உடனே திறப்பதும், பக்கத்து அறையில் இருப்பவர் அதே பெயரைத் தட்டச்சு செய்யும்போது திறக்காமல் நின்றுவிடுவதும் வலையமைப்புப் பணியாளர்கள் நன்கறிந்த சிக்கல். கருவியின் கோளாறு என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள் என்றாலும், எங்கிருந்து கேட்டாலும் ஒரு பெயர் ஒரே முகவரியையே தர வேண்டும் என்று இணையத்தின் முன்னோடிகள் அரும்பாடுபட்டு நிலைநாட்டிய விதி 1990களின் முகவரிப் பற்றாக்குறையில் உடைந்ததே இதன் மூலகாரணம்.

அந்த விதி தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1969இல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய அர்பாநெட் என்ற கணினி வலையமைப்பில் ஒவ்வொரு நிலையமும் மற்ற கணினிகளின் பெயர்ப்பட்டியலைத் தானே எழுதி வைத்துக்கொண்டதால் ஒரே கணினி இடத்துக்கு ஒரு பெயரில் வழங்கியது. இந்தக் குழப்பத்தைக் களையப் பொதுப்பெயர்கள் வேண்டும் என்று 1971இலேயே பெக்கி கார்ப் முன்மொழிந்தார். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லரின் தலைமையில் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையம், 1974 முதல் ஒரே அதிகாரபூர்வப் பட்டியலை வலையமைப்பிலேயே கிடைக்கச் செய்தது. பின்னாளில் வரையறுக்கப்பட்ட வடிவத்தில் அதன் ஒரு வரியைப் பார்த்தால், முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு, முகவரி, பெயர், கணினியின் வகை, அதில் ஓடும் இயங்குதளம், அது ஏற்கும் நெறிமுறைகள் என வரிசையாக நிற்கும். ஒரு கணினியைப் பற்றி உலகம் அறிய வேண்டிய அனைத்தும் அந்த ஒற்றை வரியில் அடங்கியது. மாற்றங்கள் மையத்துக்கு எழுதி அனுப்பப்பட்டன, மற்றவர்கள் புதிய கோப்பைத் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொண்டார்கள். உள்ளே, வெளியே என்ற பாகுபாடே அந்த அமைப்பில் கிடையாது.

கணினிகள் பெருகியதும் ஒரே கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டொமைன் நேம் சிஸ்டம், சுருக்கமாக டி.என்.எஸ்., பட்டியலைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு நிறுவனத்தின் பெயர்களுக்கும் அந்தந்த நிறுவனத்தின் சர்வரே விடை சொல்லும்படி செய்தது. விடை சொல்லும் பொறுப்பு பகிரப்பட்டதே தவிர, கேட்பவர் யாராயினும் விடை ஒன்றே என்ற கொள்கை அதிலும் மாறவில்லை.

மாற்றியது எண்ணிக்கை. 32 பிட் நீளமுள்ள இணைய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிதான் என்பதால், வெளியுலகோடு நேரடியாகப் பேசத் தேவையில்லாத கணினிகளுக்குச் சில எண்தொகுதிகளை யார் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று 1994 மார்ச்சில் ஓர் ஆவணம் பரிந்துரைத்தது. 10 என்று தொடங்கும் பெரிய தொகுதி அவற்றுள் ஒன்று. அது 1990இல் மூடப்பட்ட அர்பாநெட்டுக்கே உரியதாக இருந்த எண். 1994 மே மாதம், ஓர் அலுவலகத்தின் கணினிகள் அனைத்தும் சில பொதுமுகவரிகளுக்குப் பின்னால் நிற்க வழிசெய்த முகவரி மாற்று முறைக்குத் தனி ஆவணம் வந்தது. இந்த மாற்றத்தை ‘நாட்’ என்றே பணியாளர்கள் சொல்கிறார்கள். அதைக் குறுகிய காலத் தீர்வாகவே அதன் ஆசிரியர்கள் முன்வைத்தார்கள். ஜூலையில் எலியட் லியர் உள்ளிட்ட நால்வர், முகவரி உலகில் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற அடிப்படை மார்ச் மாதப் பரிந்துரையால் சிதையும் என்று மறுப்பு எழுதினார்கள். அவர்கள் அஞ்சியது முற்றிலும் நியாயமானது. ஆனாலும் பற்றாக்குறை வேறு வழி விடாததால், 1996 பிப்ரவரியில், தனியார் முகவரிகள் எனப்படும் அந்த எண்தொகுதிகள் நிலைபெற்றன.

அந்தச் சிதைவு எப்படி வெளிப்படுகிறது என்பதை ஒரு சிறு அலுவலகத்தில் காணலாம். தளம் இயங்கும் சர்வரின் உள்முகவரி 192.168.1.20, ஊழியரின் மடிக்கணினி 192.168.1.35, அலுவலகத்தின் பொதுமுகவரி 203.0.113.5 என்று கொண்டால், தளத்தின் பெயரைக் கேட்ட மடிக்கணினிக்கு டி.என்.எஸ். பொதுமுகவரியையே சொல்கிறது. கோரிக்கை வாசலில் உள்ள ரவுட்டரை அடைய, அது சேருமிடத்தை 192.168.1.20 என்று திருத்தி உள்ளே திருப்புகிறது. சர்வரோ, கேட்டவர் தன் வலையமைப்பிலேயே இருப்பதைக் கண்டு ரவுட்டரை நாடாமல் நேராகப் பதில் அனுப்புகிறது, 203.0.113.5 இலிருந்து பதில் வரும் என்று காத்திருக்கும் மடிக்கணினி, கேட்காத முகவரியிலிருந்து வந்த அந்தப் பதிலைத் தள்ளிவிடுகிறது. அனுப்பியவரின் முகவரியையும் ரவுட்டரே மாற்றி, பதிலும் தன் வழியாகவே திரும்பும்படி செய்தால் சிக்கல் தீரும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைப் போலக் கோரிக்கை வாசல்வரை சென்று திரும்புவதால், ஆங்கிலத்திலும் அப்பெயராலேயே வழங்கும் இம்முறையை முகவரி மாற்றுக் கருவிகள் கட்டாயம் ஏற்க வேண்டும் என்று 2007இல் விதி வந்தது. ஆனால் சர்வரின் பதிவேட்டில் உள்ளூர்க் கோரிக்கை எல்லாம் ரவுட்டரின் பெயரிலேயே பதிவாவதால், கேட்டவர் யார் என்ற தகவல் இதில் இழக்கப்படுகிறது.

இந்த இழப்பில்லாத வழி, பெயரையே இரண்டாகப் பிரிப்பது. உள்ளிருந்து கேட்பவருக்கு 192.168.1.20 என்றும் வெளியிலிருந்து கேட்பவருக்கு 203.0.113.5 என்றும் விடை சொல்லும் இந்தப் பிரிநிலை டி.என்.எஸ். முறையை, 2000இல் வெளிவந்த பைண்ட் 9 என்ற மென்பொருள் ‘வியூ’ என்ற வசதியால் ஒரே சர்வரில் எளிதாக்கியது. இரண்டு பட்டியல்களையும் தவறாமல் சேர்ந்தே திருத்த வேண்டும் என்பது இதன் சுமை. உள்விடையை நினைவில் வைத்தபடி வீட்டுக்குச் செல்லும் மடிக்கணினி, அந்த நினைவு காலாவதியாகும்வரை தளத்தைக் காணாமல் தவிக்கும். தனி டி.என்.எஸ். சர்வர் வைக்க இயலாத இடங்களில் ஒவ்வொரு கணினியிலும் உள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மென்லோ பார்க் பட்டியலின் நேர் வாரிசான அக்கோப்பை இன்றைய கணினிகளும் வழக்கமாக டி.என்.எஸ்.ஸுக்கு முன்பாகவே பார்க்கின்றன. கணினிக்குக் கணினி பட்டியல் வேறுபடும் பழைய நிலையும் அதனோடு திரும்பிவிடுகிறது.

ஒவ்வொரு கணினிக்கும் தனித்த பொதுமுகவரி தரவல்ல, 128 பிட் நீளமுள்ள ஐ.பி.வி.6 முறையின் முதல் வரையறை 1995 டிசம்பரில், தனியார் முகவரிகள் நிலைபெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. பழைய 32 பிட் முறையும் இதுவும் சேர்ந்து இயங்கும் அலுவலகத்தின் பிரிநிலைப் பட்டியல்களைத் திறந்தால், தளத்தின் பெயருக்கு நேரே இரண்டு பதிவுகள் இருக்கும்: பழைய முகவரிக்கான ‘ஏ’ பதிவு உட்பட்டியலில் ஒன்றாகவும் வெளிப்பட்டியலில் வேறாகவும் நிற்க, புதிய முகவரிக்கான ‘ஏஏஏஏ’ பதிவு இரண்டிலும் ஒன்றாகவே நிற்கலாம்.