சொற்கள் மதம் மாறிய கதை

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய நாளேடு ஒன்றின் ஆசிரியபீடத்தில், சிங்களத்தில் வந்த செய்தியறிக்கை ஒன்றை இளம் உதவியாசிரியர் ஒருவர் தமிழாக்கியிருந்தார். மூலத்தில் 'தேவாலய' என்றிருந்தது. அவர் அதனைத் 'தேவாலயம்' என்றெழுதியதோடு நில்லாது, வாசகர்களுக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று 'கிறிஸ்தவ' என்ற அடையையும் முன்னே சேர்த்துவிட்டார். செய்தியோ விஷ்ணு தேவாலயம் ஒன்றின் பஸ்நாயக்க நிலமே பதவிக்கான தெரிவு பற்றியது! நல்லவேளையாக, ஒப்புநோக்குநரின் கண்ணில் பட்டதனால் அது அச்சேறவில்லை.

அந்த இளைஞரைக் குறைகூற நான் விரும்பவில்லை. தமிழில் தேவாலயம் என்றால் பெரும்பாலோருக்குக் கிறிஸ்தவரின் வணக்கத்தலமே நினைவுக்கு வரும். சிங்களத்திலோ அது கதிர்காமக் கடவுளும் விஷ்ணுவும் பத்தினியும் உறையும் இடம். வடமொழியிலிருந்து பெற்ற ஒரே சொல்லை அயல்வீட்டார் இருவர் வேறுவேறு மதங்களுக்கு உரித்தாக்கி வைத்திருக்கின்றனர். உலகின் பெருஞ்சமயங்கள் யாவும் தத்தம் கொள்கைகளைச் சொல்லுவதற்குப் புதிய மொழிகளை ஆக்கிக்கொள்ளவில்லை. சென்ற இடங்களில் கிடைத்த சொற்களையே எடுத்துக்கொண்டன. அச்சொற்களுக்கு ஏற்கனவே ஒரு சமயம் இருந்தது என்பதுதான் சிக்கல்.

'பள்ளி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். படுக்கை, உறைவிடம் என்பன அதன் பழைய பொருள்கள். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடங்கள் பள்ளிகள் எனப்பட்டன. அவற்றுக்கு வரிவிலக்களித்து வழங்கிய நிலத்தைச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் 'பள்ளிச்சந்தம்' என்கின்றன. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கியது அவ்வாறே. நமது நாட்டிலும் சான்று உண்டு. திருகோணமலைக்கு அண்மையில், பெரியகுளத்தில் உள்ள வெல்கம் விகாரை, சோழராட்சிக் காலத் தமிழ்க் கல்வெட்டுக்களில் 'இராஜராஜப் பெரும்பள்ளி' எனப் பெயர் பெறுகிறது. விளக்கெரிப்பதற்கும், அதற்கு வேண்டிய நெய்க்குக் கால்நடைகளாகவும் தமிழர்கள் அங்கு தானம் செய்திருக்கின்றனர். பௌத்தம் என்றால் சிங்களவர், சைவம் என்றால் தமிழர் என்று இன்று கோடு கிழிப்போர் இரு தரப்பிலும் உளர். அவர்கள் ஒருமுறையாவது அக்கற்களைச் சென்று பார்த்தல் நன்று.

துறவிகள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால் பள்ளி, பள்ளிக்கூடமாயிற்று என்பர். பின்னர் இஸ்லாம் வந்தபோது மசூதி பள்ளிவாசலாயிற்று. மலையாளத்தில் கிறிஸ்தவரின் கோயிலும் பள்ளியே, முஸ்லிம்களின் தொழுகைத்தலமும் பள்ளியே. சிங்களத்திலும் 'பல்லிய' இரண்டையும் குறிக்கும். சைவக் கோயிலிலோ இறைவனும் அம்மையும் துயிலும் பள்ளியறை இன்றும் இருக்கிறது. சமணமும் பௌத்தமும் தமிழகத்தில் மெலிந்துபோயின. அவற்றின் சொல் மட்டும் நான்கு வீடுகளில் குடியிருக்கிறது.

'ஆகமம்' இதனினும் விந்தையானது. சைவர்களுக்குக் காமிகம் முதலிய இருபத்தெட்டு நூல்களே ஆகமம். கோயில் அமைப்பும் பூசைமுறையும் அவற்றின் வழிவந்தவை. சமணர்கள் தம் மறைநூல்களை ஆகமம் என்பர். பாளி நிக்காயங்களுக்கு இணையாகச் சீனமொழியில் பேணப்பட்ட பௌத்தத் தொகுதிகளும் ஆகமங்களே. தமிழ் விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களும் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்றே புரட்டஸ்தாந்தரிடையே வழங்குகின்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இவற்றைத் தொடக்கநூல், விடுதலைப் பயணம் என்றவாறு மாற்றிக்கொண்டது. சிங்களத்தில் 'ஆகம' என்பது நூலே அன்று. மதம் என்பதற்கான பொதுச்சொல். யாழ்ப்பாணத்துக் குருக்கள் ஒருவரும் காலியைச் சேர்ந்த பிக்கு ஒருவரும் ஆகமம் பற்றி உரையாட அமர்ந்தால் முதல் அரைமணிநேரம் வீணாகும் என்றே நினைக்கிறேன்.

இவ்விடத்தில், 'மதம்' என்ற சொல்லும் முதலில் கொள்கை, கருத்து என்ற பொருளையே தந்தது என்பதை நினைவூட்ட வேண்டும். நன்னூல் கூறும் எழுவகை மதம் வழிபாட்டைப் பற்றியதன்று. நூலாசிரியன் பிறர் கருத்தை உடன்படுவதும் மறுப்பதும் பற்றியது. யானைக்குப் பிடிப்பதும் மதமே. இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தவர்களுக்கு இரண்டையும் வேறுபடுத்துவது சில வேளைகளில் கடினமாக இருக்கக்கூடும்.

கடவுளுக்குப் பெயரிடுவதிலே கிறிஸ்தவ ஊழியர்கள் பட்டபாடு தனிக்கதை. 1578இல் கொல்லத்தில் அச்சான ஹென்றிக்கே ஹென்றிக்கசின் நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. அதிலே தம்பிரான் என்றால் கிறிஸ்தவரின் கடவுள். இன்று அச்சொல்லைக் கேட்டால் சைவ ஆதீனங்களின் துறவிகளே நினைவில் வருவர். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு, கத்தோலிக்கர் வழக்கைப் பின்பற்றிச் 'சருவேசுரன்' என்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிசியசு 'பராபரன்' என்றார். 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. நானூறு ஆண்டுகளில் ஐந்து பெயர்கள்!

இது வெறும் சொல்விருப்பம் அன்று. சருவேசுரனில் ஈசுவரன் இருக்கிறான். சைவவாடை வீசும் என்ற அச்சம். தேவன் என்றாலோ இந்திரனைப் போன்ற வானவன், புண்ணியம் தீர்ந்தால் கீழிறங்குபவன் என்றே சைவனும் பௌத்தனும் கருதுவர். ஒரே கடவுள், படைத்தவர், தொடக்கமும் முடிவும் அற்றவர் என்ற கொள்கையைப் பலரை வணங்கும் மக்களின் சொல்லிலே ஊற்ற வேண்டியிருந்தது.

இம்முயற்சியில் யாழ்ப்பாணத்துக்கும் பெரும்பங்குண்டு. வெஸ்லியன் ஊழியரான பீற்றர் பேர்சிவல் தலைமையில் நடைபெற்ற விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர் ஆறுமுகநாவலர். பேர்சிவலின் பாடசாலைப் பணியைத் துறந்து, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவரும் அவரே. 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதியபோது எதிர்த்தரப்பின் நூலை அவர் எழுத்தெண்ணி அறிந்திருந்தார். ஒரு சமயத்தின் சொற்களை அந்தச் சமயத்தாருக்கே செப்பனிட்டுக் கொடுத்தவர் அதன் வலிய எதிராளியாக எழுந்தமை, நமது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுவையான முரண்களில் ஒன்று.

சொல் ஒன்றாயினும் பொருள் வேறுபடும் என்பதற்குப் 'பாவம்' நல்ல எடுத்துக்காட்டு. கிறிஸ்தவத்தில் பாவம், கடவுளோடு கொண்ட உறவு முறிந்த நிலை. முதல் மனிதனிடமிருந்து மனிதகுலம் முழுவதற்கும் வந்தது. சைவசித்தாந்தத்திலோ உயிரைப் பிணிப்பது ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலம். ஆணவம் செம்பிற் களிம்புபோல அநாதியாகவே உள்ளது. எவரும் செய்த குற்றத்தால் வந்ததன்று. 'வீடு' என்பதும் அவ்வாறே. சைவனின் வீட்டில் உயிர் அழிவதில்லை, சிவனடியில் நிலைக்கிறது. பௌத்தத்திலோ நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை. வேட்கை அவிதலே நிருவாணம். மணிமேகலையின் ஆசிரியர் பேதைமை, வேட்கை, பற்று எனத் தூய தமிழிலேயே பௌத்தத்தின் காரணகாரியத் தொடரை விளக்கிவிட்டார். அந்தத் தமிழ் நம் கையைவிட்டுப் போயிற்று. இன்று பௌத்தம் பற்றி எழுதும் தமிழர்கள் பாளியிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ மீண்டும் மொழிபெயர்த்துத் தவிக்கின்றனர்.

இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கலிமா, தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் என்ற ஐந்தில் இரண்டு மட்டுமே தமிழ்ப்பெயர் பூண்டன. தொழுவதும் நோற்பதும் தமிழருக்கு முன்பே தெரிந்தவை. குர்ஆன் என்ற பெயருக்கு அடிப்படையான அரபுச்சொல்லுக்கு 'ஓது' என்பது இயல்பாகவே பொருந்திற்று. ஓதுவாரின் தேவாரமும் ஓதுதலே. ஆயின் ஸகாத்துக்குத் தருமம் என்றெழுதுவது பிழையாகும். தருமம் கொடுப்பவரின் விருப்பம். ஸகாத், குறித்த அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஓராண்டு கையிலிருந்தால் அதில் இரண்டரை வீதத்தைக் கட்டாயமாக வழங்குவது. அது பெறுபவரின் உரிமை. அரபுச்சொல்லை மாற்றாமல் வைத்திருந்த நம் முஸ்லிம் முன்னோர் தெளிவோடுதான் செய்திருக்கின்றனர்.

மாற்றாது வைத்த சொற்களுக்கும் ஆபத்து வரும். 'தௌஹீத்' என்றால் இறைவனின் ஒருமை. உலகிலுள்ள ஒவ்வொரு முஸ்லிமின் நம்பிக்கைக்கும் அதுவே அடித்தளம். 2019 ஏப்ரல் 21இல் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. அக்குற்றத்தைச் செய்தோரின் அமைப்பு அச்சொல்லைத் தன் பெயரிலே தாங்கியிருந்தது. சில நாட்களுக்குள் தலைப்புச் செய்திகளில் அச்சொல் ஒரு பயங்கரவாதக் குழுவின் சுருக்கப்பெயராகிவிட்டது. 'ஜிஹாத்' என்பதன் நேர்ப்பொருள் பெருமுயற்சி. போரும் அதில் அடங்கும். தன் மனத்தோடு போராடுவதும் அடங்கும். நமது பத்திரிகைகள் எல்லா இடத்தும் 'புனிதப்போர்' என்று எழுதிப் பழகிவிட்டன. 2020 ஏப்ரலில், பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்ட கருத்தியல் ஜிஹாத் வேண்டும் என்று சமூகவலைத்தளத்தில் எழுதியமைக்காக ஒருவர் கைதுசெய்யப்பட்டு, ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அகராதியைப் புரட்டிப் பார்த்திருந்தால் ஒரு மனிதனுக்கு அந்த ஐந்து மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

இறுதியாகச் 'சாசனம்'. தமிழருக்குச் சாசனம் என்றால் கல்லிலோ செப்பேட்டிலோ பொறித்த ஆணை, அல்லது மரணசாசனம். பாளியில் சாசனம் என்பது புத்தரின் போதனை. கற்றல், ஒழுகல், உணர்தல் என்ற மூன்றும் அதில் அடங்கும் என்பது மரபு. நடைமுறையில் சங்கம், விகாரைகள், அவற்றின் நிலபுலன்கள் அனைத்தும் அச்சொல்லின் நிழலில் வருகின்றன. சாசனம் ஐயாயிரம் ஆண்டுகள் நிலைக்கும் என்பது தேரவாதிகளின் நம்பிக்கை. அதன் நடுப்புள்ளி, புத்த ஜயந்தி கொண்டாடப்பட்ட 1956. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். அவ்வாண்டின் தேர்தல் மேடைகளில் எழுந்த உணர்ச்சியை மொழிப்பிரச்சினையாக மட்டும் விளக்குவோர், இந்தக் கால எண்ணிக்கையைத் தவறவிடுகின்றனர். சாசனம் பாதி வழியில் நலிந்துவிடுமோ என்ற அச்சம் பல்லாயிரம் எளிய மக்களுக்கு உண்மையாகவே இருந்தது.

1972இன் அரசியலமைப்பு, பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கி அதனைப் பேணிவளர்ப்பது அரசின் கடமை என்றது. 1978இன் அரசியலமைப்பு 9ஆம் உறுப்புரையில் பேணப்படவேண்டியதைப் 'பௌத்த சாசனம்' என மாற்றியது. ஒரு சொல்தான் மாறிற்று. தமிழ் வாசகருக்கு அது ஏதோ ஆவணத்தைப் பாதுகாக்கும் ஏற்பாடுபோல் தோன்றியிருக்கலாம். அக்காலத்தில் அதனை விளக்கி எழுதிய தமிழர் மிகச் சிலர். 2003இல், கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபை ஒன்றைக் கூட்டிணைப்பதற்கான சட்டமூலம் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தபோது அச்சொல்லின் எடை தெரிந்தது. மதத்தைப் பரப்புவதற்கான அடிப்படை உரிமையை அரசியலமைப்பு வழங்கவில்லை என்றும், கிறிஸ்தவத்தைப் பரப்புவது பௌத்த சாசனத்தின் இருப்பைப் பாதிக்கும் என்றும் நீதிமன்றம் கூறிற்று. அச்சகோதரிகளின் முறைப்பாட்டை ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, அவர்களது மதச் சுதந்திரமும் சட்டத்தின் முன் சமத்துவமும் மீறப்பட்டன என 2005இல் முடிவுசெய்தது. 9ஆம் உறுப்புரை அவ்வாறே இருக்கிறது.