உடம்பைப் பார்த்து ஒரு நாற்காலி

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு ஆண்டாளும் பால்கோவாவும் ஞாபகத்துக்கு வரும். ராஜபாளையம் என்றால் வேட்டை நாயும் பஞ்சாலையும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி. அந்த மன்றத்து நாற்காலியில் யாரெல்லாம் உட்காரக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது, தெரியுமா?

1920-ம் வருடத்து சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம். கவுன்சிலராகத் தகுதியில்லாதவர்கள் பட்டியலில் மனநிலை சரியில்லாதவர், திவாலானவர், அப்புறம் காது கேளாத - வாய் பேசாதவர், தொழுநோயாளி! திவாலானவராவது கடனைத் தீர்த்துவிட்டுத் திரும்பி வரலாம். பிறவியிலேயே காது கேட்காதவர் எதைத் தீர்த்துவிட்டு வருவார்?

தொழுநோய்க்கு அன்று சரியான மருந்தில்லை. பயம் இருந்தது. பிச்சையெடுக்கும் தொழுநோயாளியை வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம் என்று 1898-லேயே ஒரு சட்டம்.

1952-ல் முதல் பொதுத்தேர்தல். அப்போது சென்னை மாகாண முதலமைச்சர், ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா. ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு. ஆனால், நகராட்சி நாற்காலிக்கு மட்டும் பழைய பூட்டு அப்படியே தொங்கியது.

ராஜா 1954-ல் ஒடிஷா கவர்னராகப் போனார். அந்த மாநிலத்து 1950-ம் வருட நகராட்சிச் சட்டத்திலும் இதே தடை! அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தொழுநோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஆனாலும் 2008-ல் வந்த தீர்ப்பு, 'சட்டம் செல்லும்' என்றது. கூடவே, சட்டமன்றம் இதை மறுபடி யோசிக்கலாம் என்றும் சொன்னது. நோய்க்கு மருந்து வந்துவிட்டது. சட்டத்துக்குத்தான் வரவில்லை.

1898-ம் வருடத்துச் சட்டம் செத்தது எப்போது தெரியுமா? 2016-ல்!

2025-ல் தமிழக சட்டமன்றம் வேறு திசையில் நடந்தது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டம் செய்தது. நகர்ப்புறத்தில் சுமார் 650 பேர், கிராம ஊராட்சிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ராஜபாளையம் நகராட்சியில் ஒரு நாற்காலி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று.

எந்த உடம்பைக் காட்டி 'வெளியே நில்' என்றார்களோ, அதே உடம்புக்கு இப்போது 'உள்ளே வா' என்று அழைப்பு. பெரிய மாற்றம்தான். ஆனால், இது அரசு தரும் நியமனம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்புவதல்ல.

அடுத்த நகராட்சித் தேர்தலில் சக்கர நாற்காலியில் ஒருவர் உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வரலாம். அவர் காலைப் பார்ப்பீர்களா, அவர் நீட்டும் நோட்டீஸைப் படிப்பீர்களா?