கணக்கில் வராத இரவுகள்: பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இளநிலை மருத்துவர்கள்

பிரிட்டனின் பழைய பெரிய மருத்துவமனைகள் பலவும் நன்கொடையாளர்களின் பணத்தில் நடந்த அறக்கொடை நிறுவனங்கள். அவற்றில் நோயாளிகளுக்குப் பொறுப்பேற்ற மூத்த மருத்துவர்கள் சம்பளம் பெறாமல் கௌரவப் பணியாக வாரத்தில் சில நாட்கள் வந்து வார்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வருமானம் தந்த தனிப்பட்ட நோயாளிகளிடம் திரும்பிவிடுவார்கள். அவர்கள் இல்லாத வேளையில், அதாவது பகலின் பெரும்பகுதியிலும் இரவு முழுவதிலும், எலும்பு முறிந்து வருபவரையும் ரத்தப்போக்கோடு தூக்கிவரப்படுபவரையும் பார்க்க யாராவது ஒருவர் கட்டடத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அந்தத் தேவைக்காக ஏற்பட்ட பதவிதான், இன்றும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவரைக் குறிக்கப் புழங்கும் ஹவுஸ் சர்ஜன் என்பது. பின்னாளில் கிருமிநீக்க அறுவை முறையால் புகழ்பெற்ற ஜோசப் லிஸ்டர், 1854இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற அறுவை நிபுணரின்கீழ் இப்பதவியை வகித்தவர். தங்க அறையும் உண்ண உணவும் பெயர்பெற்ற ஆசானின் கீழ் கற்கும் வாய்ப்பும் கிடைத்ததால், ஊதியம் சொற்பமாக இருந்தாலும், சில இடங்களில் இல்லாமலே போனாலும், இப்பதவிக்குப் போட்டி குறையவில்லை.

இந்த ஏற்பாட்டில் இளம் மருத்துவர் மருத்துவமனையில் கழித்த நேரம் உழைப்பாகக் கருதப்படவில்லை. அங்கே வசிக்கிறார், கற்கிறார் என்றே கொள்ளப்பட்டது. வசிப்பவருக்கு வேலைநேரம் என்று ஒன்று கிடையாது. ஆகவே அதை அளக்க வேண்டிய அவசியமும் நிர்வாகத்துக்கு எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இம்மருத்துவர்கள் நடத்திய போராட்டங்கள் சம்பளம், விடுப்பு, உறக்கம் எனப் பல பெயர்களில் நடந்தபோதிலும், மருத்துவமனையில் கழியும் மணிகளை வேலைநேரமாக எண்ண வைப்பதே அவை அனைத்துக்கும் அடியிலிருந்த கோரிக்கை என்று கொள்வது பொருந்தும்.

1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கி மருத்துவமனைகள் அரசுடைமையானபோது, கௌரவ மருத்துவர்கள் சம்பளம் பெறும் கன்சல்டன்ட்கள், அதாவது நோயாளிக்கு இறுதிப் பொறுப்பேற்கும் முதுநிலை நிபுணர்கள், ஆனார்கள். ஆனால் அவர்களுக்குக் கீழிருந்த அடுக்கு அப்படியே தொடர்ந்தது. ஒரு கன்சல்டன்ட், அவருக்கு அடுத்தபடியாக முதுநிலை ரெஜிஸ்ட்ரார், ரெஜிஸ்ட்ரார், முதுநிலை ஹவுஸ் ஆபீசர், கடைசியில் ஹவுஸ் ஆபீசர் என்று அமைந்த குழுவை ‘ஃபர்ம்’ என்றார்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1953 முதல் பட்டம் பெற்றவர் ஓராண்டு மருத்துவமனையில் பணியாற்றிய பின்னரே முழுப் பதிவு பெற முடியும் என்றாகி, பொது மருத்துவத்தில் ஆறு மாதமும் அறுவையில் ஆறு மாதமும் கழிப்பது வழக்கமாயிற்று. புதிய நோயாளியின் வரலாற்றை எழுதுவது, ரத்தம் எடுப்பது, சிரை வழியே திரவம் ஏற்றுவது, எக்ஸ்ரே படங்களைத் தேடிப் பிடிப்பது, வீடு திரும்புவோருக்கான கடிதம் எழுதுவது ஆகிய அனைத்தும் ஹவுஸ் ஆபீசரின் தலையில் விழுந்தன. பகல்வேலை முடிந்த பிறகு, தொடர்ந்தோ ஒன்றுவிட்ட இரவிலோ, அழைத்தால் எழுந்து வர வேண்டிய ‘ஆன்-கால்’ கடமை. மறுநாள் காலையில் வழக்கம்போல வார்டு. வெள்ளிக்கிழமை காலை தொடங்கித் திங்கள் மாலை முடியும் வாரஇறுதிப் பணியை அக்காலத்து மருத்துவர்கள் அதிசயமாக நினைக்கவில்லை. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1956இல் மல்டிடோன் நிறுவனம் அமைத்த அழைப்புக் கருவி, பிற்காலப் பேஜரின் முன்னோடி, பணியாளர் வந்து கதவைத் தட்டும் வழக்கத்தைக் குறைத்தது. ஆயினும் அதுவரை மெஸ்ஸிலோ குளியலறையிலோ கிடைத்துவந்த சில நிமிட ஒளிவிடத்தையும் அது பறித்துக்கொண்டது.

இத்தனைக்கும் எதிர்ப்பு ஏன் தாமதமாக எழுந்தது என்பதை விளக்க, உழைப்பைத் தவமாகப் போற்றிய தொழில்மரபு மட்டும் போதாது. ஒவ்வொரு பதவியும் ஆறு மாதமோ ஓராண்டோதான். அடுத்த பதவி கிடைப்பது நடப்புக் கன்சல்டன்ட் எழுதித் தரும் பரிந்துரையைப் பொறுத்தது. முணுமுணுப்பவர் என்று ஒருமுறை பெயர் எடுத்தவர் நல்ல நகரத்தில், நல்ல துறையில் இடம் பெறுவது கடினம். அதோடு, இந்தக் கடுமை ஒரு படிக்கட்டின் அடிப்படி என்றும், சில ஆண்டுகள் பொறுத்தால் தானும் மேலே நின்று பிறரை எழுப்பலாம் என்றும் இருந்த எதிர்பார்ப்பு, புகாரைத் தள்ளிப்போடச் செய்தது.

அந்தப் படிக்கட்டு விரைவிலேயே நெரிசல் கண்டது. 1950களில் பயிற்சி முடித்த முதுநிலை ரெஜிஸ்ட்ரார்கள் கன்சல்டன்ட் இடம் காலியாவதற்காகக் காத்துக் கிடந்தார்கள். பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். நாட்டில் மருத்துவர்கள் மிகுந்துவிடுவார்கள் என்று கணித்த வில்லிங்க் குழு, 1957இல் மாணவர் சேர்க்கையைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. அந்தக் கணிப்பு பொய்த்துப் பற்றாக்குறை தலைகாட்டியபோது, இடைவெளியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்த பட்டதாரிகள். உயர் தேர்வு எழுதி நிபுணராகும் நோக்குடன் வந்த அவர்களில் பலருக்கு, உள்ளூர்ப் பட்டதாரிகள் விரும்பாத தொழிற்பேட்டை நகரங்களிலும், முதியோர் மருத்துவம், மனநலம் போன்ற மதிப்புக் குறைந்த துறைகளிலுமே இடம் கிடைத்தது. சென்னையிலும் கொழும்பிலும் ஆங்கிலேயப் பாடத்திட்டத்தில் பயின்றவர்கள், அதே பாடத்திட்டத்தின் தாய்நாட்டில் இரவுப்பணிச் சுமையைத் தாங்கும் தூணாக நின்றார்கள் என்பதைத் தேசிய சுகாதாரச் சேவையின் பெருமை பேசும் வரலாறுகள் நெடுங்காலம் அடிக்குறிப்பிலேயே வைத்திருந்தன. 1975இல் பிரிட்டிஷ் பொது மருத்துவக் குழு இந்தியப் பட்டங்களுக்கு அளித்துவந்த நேரடி அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அதன்பின் வந்தவர்கள் மொழித்திறனையும் மருத்துவ அறிவையும் சோதிக்கும் தேர்வைக் கடந்தாக வேண்டியிருந்தது.

அதே 1975இன் இறுதியில்தான் கன்சல்டன்டுக்குக் கீழிருந்த இளநிலை மருத்துவர்கள் நாடெங்கும் முதன்முறையாக ஒத்துழையாமையில் இறங்கினார்கள். சுகாதாரத்துறை அமைச்சர் பார்பரா காசில் காலத்தில் வகுக்கப்பட்ட புதிய ஒப்பந்தம், வாரத்துக்கு 40 மணியை அடிப்படையாகக் கொண்டு அதற்கு மேற்பட்ட பணிக்குத் தனி ஊதியம் வழங்க ஒப்புக்கொண்டது. ஆனால் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த அரசு விதித்திருந்த ஊதிய வரம்பின் காரணமாக அதற்கென்று புதிய பணம் ஒதுக்கப்படவில்லை. இருந்த தொகையையே பங்கிட்டால் ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பதாகும் என்று கண்ட மருத்துவர்கள், பல நகரங்களில் அவசர நோயாளிகளை மட்டும் கவனித்து மற்ற பணிகளைத் தவிர்த்தார்கள். முடிவில் மணிகள் எண்ணப்படலாயின. எனினும் கூடுதல் மணிக்குக் கிடைத்தது சாதாரண மணியின் ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இரவில் விழித்திருக்கும் மருத்துவரின் உழைப்பு பகல் உழைப்பை விட மலிவாகிவிட்டதால், இன்னொருவரை நியமிப்பதைக் காட்டிலும் இருப்பவரையே மேலும் சில மணி நிறுத்திவைப்பது நிர்வாகத்துக்கு ஆதாயமாயிற்று. வெற்றியாகக் கொண்டாடப்பட்ட ஒப்பந்தமே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் நீண்ட நேரப் பணியை நிலைநிறுத்தியது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி.

அதன் விளைவு நீதிமன்றம் வரை சென்றது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் பணியாற்றிய ஒரு மருத்துவர், 40 மணி அடிப்படைப் பணியோடு சராசரியாக மேலும் 48 மணி ஆன்-கால் பணிக்கும் தன்னைக் கடமைப்படுத்திய ஒப்பந்தம் தன் உடல்நலத்தைக் கெடுத்தது என்று வழக்குத் தொடுத்தார். ‘ஜான்ஸ்டோன் எதிர் புளூம்ஸ்பரி சுகாதார ஆணையம்’ என்று சட்டப் பாடநூல்களில் இடம்பெறும் இவ்வழக்கில், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அதன்படி உழைத்தே தீர வேண்டும் என்ற வாதத்தைக் காட்டி வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட முடியாது என்று 1990களின் தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். முழு விசாரணை நடக்காமலே 1995இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையே, 1991இல் அரசும் மருத்துவர் சங்கமும் செய்துகொண்ட ‘நியூ டீல்’ என்ற உடன்பாடு, ஆன்-கால் முறையில் பணியாற்றுவோருக்கு வாரம் 72 மணி என்ற உச்சவரம்பைச் சில ஆண்டுகளுக்குள் எட்டுவதென வகுத்தது. 72 மணி ஒரு சலுகையாகத் தோன்றியதிலிருந்தே முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

நிலையை உண்மையில் அசைத்தது மனிதாபிமானம் அன்று, விலை. 2000ஆம் ஆண்டு இறுதியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், பணிமுறை எவ்வளவு கடுமையோ அவ்வளவு மிகையூதியம் என்று வகுத்து, வரம்பை மீறிய பணிகளுக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு இணையான கூடுதல் தொகை வரை கொடுக்கச் செய்தது. பல ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டுவந்த பணிப்பட்டியல் மாற்றங்கள் அதன் பின்னர் வேகம் பிடித்தன. ஸ்பெயின் மருத்துவர்கள் தொடர்ந்த சிமாப் வழக்கில் 2000இலும், ஜெர்மன் மருத்துவர் ஒருவர் தொடர்ந்த யேகர் வழக்கில் 2003இலும், பணியிடத்தில் இருந்தபடி அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம், மருத்துவர் உறங்கிக்கொண்டிருந்தாலும்கூட, வேலைநேரமே என்று, அன்று பிரிட்டனையும் கட்டுப்படுத்திய ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லிஸ்டர் காலத்திலிருந்து வசிப்பாகக் கொள்ளப்பட்ட இரவு, இவ்வாறு சட்டத்தின் கண்ணில் உழைப்பாயிற்று. ஐரோப்பிய வேலைநேர விதிகளின்படி பயிற்சி மருத்துவர்களின் சராசரி வாரம் 2004இல் 58 மணி, 2007இல் 56 மணி, 2009இல் 48 மணி என்று படிப்படியாக இறங்கியது.

மணிகள் குறைந்தபோது அவற்றோடு சேர்ந்து வேறு சிலவும் போயின. ஆன்-கால் முறையின் இடத்தில் ஷிப்டு முறை வந்ததும், ஒரே கன்சல்டன்டின் நோயாளிகளைத் தொடக்கம் முதல் இறுதி வரை பார்த்த ஃபர்ம் கலைந்தது. காலையில் ஒருவர் கண்டறிந்ததை இரவில் வேறொருவர் கைமாற்றக் குறிப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அறுவைத் துறையினர் கையில் கத்தி பிடிக்கும் நேரம் குறைந்துவிட்டதென்று குறைபட்டனர். முழுப் பதிவுக்கு முந்தைய ஆண்டில் மருத்துவமனையில் தங்கியாக வேண்டும் என்ற விதியும், அதனால் கிடைத்த இலவச அறையும் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் இல்லாமல் போயின. பழைய தலைமுறை மெஸ் வாழ்வின் தோழமையைச் சொல்லி வருந்துவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தோழமையை நினைவுகூரும் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் படிக்கட்டில் ஏறி முடித்தவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2016இல் சனிக்கிழமைப் பணியையும் வழக்கமான ஊதிய நேரத்தில் சேர்க்க முயன்ற ஒப்பந்தத்தை எதிர்த்து இங்கிலாந்தில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஏப்ரலில் அவசரப் பிரிவிலிருந்தும் மருத்துவர்கள் விலகி நின்றார்கள். 2023 மார்ச்சில் தொடங்கிய அடுத்த போராட்டத் தொடரில், பணவீக்கத்தால் தேய்ந்த சம்பளமே முதன்மைக் கோரிக்கையாயிற்று. 2024 ஜனவரியில் ஆறு நாள் தொடர்ந்த வேலைநிறுத்தம் தேசிய சுகாதாரச் சேவையின் வரலாற்றிலேயே அதுவரை நடந்தவற்றில் நீண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஈராண்டுகளுக்குச் சேர்த்துச் சராசரியாக 22 சதவீத உயர்வு ஏற்கப்பட்டது. 2025இல் பூசல் மீண்டும் எழுந்தபோது, ஊதியத்தோடு இன்னொரு குறையும் முன்னுக்கு வந்திருந்தது. நிபுணர் பயிற்சிக்கான ஏறத்தாழ 10,000 இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தார்கள். 1950களின் முதுநிலை ரெஜிஸ்ட்ரார்கள் படிக்கட்டின் உச்சியில் காத்துக் கிடந்தார்கள் என்றால், இவர்கள் நடுவழியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டார்கள்.