அசாதாரண மரணத்தின் வகை நிர்ணயம்

நோயால் நேர்ந்ததென வைத்தியர் சான்றளிக்க இயலாத மரணத்தில் சட்ட வைத்திய நிபுணர் விடை காணவேண்டிய வினாக்கள் இரண்டு: உயிர் எதனால் பிரிந்தது என்பது ஒன்று, அது இயற்கையாலோ விபத்தாலோ தற்கொலையாலோ பிறர் கையாலோ நேர்ந்தது என்பது மற்றொன்று. முன்னதற்குப் பிரேதப் பரிசோதனையே பெரும்பாலும் விடை தந்துவிடும். பின்னதற்கோ சடலம் பாதிச் சாட்சியே.

கழுத்தில் பதிந்த கயிற்றுத் தடம், தூக்கில் தொங்கியவரிடம் குரல்வளைக்கு மேலாகச் சாய்ந்தேறி முடிச்சருகே விட்டுப்போவதும், நெரித்துக் கொல்லப்பட்டவரிடம் கழுத்தைக் கிடையாகச் சுற்றி வருவதும் பெரும்பான்மை; விதிவிலக்குகளும் உண்டாதலின், அநுபவசாலிகள் அதனை மட்டும் நம்பி அபிப்பிராயம் கூறுவதில்லை. நீரில் மூழ்கியவரின் வாயிலும் நாசியிலும் காணும் நுண்ணிய வெண்ணுரை, நீருள் அமிழ்ந்தபோது உயிர் இருந்ததென்பதைக் குறிக்குமேயன்றி, அவர் தவறி விழுந்தாரா, தள்ளப்பட்டாரா என்பதைச் சொல்லாது. வெளிச் சான்றும் கிட்டாதபோது, நிர்ணயிக்க இயலவில்லை என்றெழுதுவதே முறை. அதற்கும் சிறிது துணிவு வேண்டும்.

சடலம் சொல்லாததை வெளிச் சான்று சொல்லியதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, 1915-இல் லண்டனில் விசாரிக்கப்பட்ட ஜார்ஜ் ஜோசப் ஸ்மித்தின் வழக்கு. வெவ்வேறு பெயர்களில் அவன் விவாகம் செய்துகொண்ட மூன்று மாதர், 1912-இல் ஹெர்ன் பேயிலும், 1913-இல் பிளாக்பூலிலும், 1914-இல் லண்டனிலும் குளியல் தொட்டியில் மூழ்கி மாண்டனர். தனித்தனியே நடந்த மரண விசாரணைகள் மூன்றும் விபத்தென்றே முடிந்தன. செய்தித்தாளில் மூன்றாம் மரணத்தைப் படித்த இம்மூவரில் இரண்டாமவளின் தந்தை, தம் மகளின் முடிவை அப்படியே அதில் கண்டு போலீஸாருக்குத் தெரிவித்தார். தோண்டியெடுத்த சடலங்களைப் பரிசோதித்த சட்ட வைத்திய நிபுணர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரிக்குப் போராட்டத்தின் அடையாளம் எதுவும் சிக்கவில்லை. வளர்ந்த பெண் போராடாமல் மூழ்குவது எங்ஙனம் என்ற புதிரை அவிழ்க்க, இன்ஸ்பெக்டர் நீல் நீச்சல் வல்ல ஒரு பெண்ணை நீர் நிறைந்த தொட்டியில் இருத்தி, எதிர்பாராத கணத்தில் கால்களைப் பற்றித் தூக்கினார்; தலை அமிழ்ந்தவுடனே அவள் மூர்ச்சையானாள். அவளைத் தெளிவிப்பது பெரும்பாடாயிற்று. சோதனையின் பயன் எவ்வளவாயினும், அதன் துணிச்சல் மெச்சத்தக்கதன்று.

ஆனால் இச்சோதனை கொலை சாத்தியமே என்பதைத்தான் காட்டிற்று. முதலாமவள் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதிய உயிலும், மற்ற இருவர் பேரிலும் எடுத்திருந்த ஆயுள் இன்ஷூரன்ஸும், மும்முறையும் பிசகாமல் வந்த ஒரே நிகழ்ச்சிக்கிரமமுமே விபத்தென்னும் கொள்கையைத் தகர்த்தன. குற்றச்சாட்டு முதல் மரணம் பற்றியதே ஆயினும், மற்ற இரண்டையும் சாட்சியமாக ஏற்க நீதிபதி இசைந்தார். ஜூரிகள் அரைமணி நேரத்துக்குள் குற்றவாளியெனத் தீர்ப்புக் கூறினர்.