பௌத்தம் படிக்க எந்த கோர்ஸ்ல சேரலாம்? பாஹியான் காலத்திலிருந்து ஒரு பதில்

1/
"டாக்டர், பௌத்தம் ஆன்லைன்ல படிக்கணும். நல்ல கோர்ஸ் ஒண்ணு சொல்லுங்களேன்."

போன மாசம் போட்ட ஒரு பதிவுக்குப் பிறகு இன்பாக்ஸில் இந்தக் கேள்வி அடிக்கடி வருது. நாலு லிங்க் கொடுத்துட்டுப் போயிடலாம். ஆனா அப்படி லிங்க் தேடி நானே ஏமாந்தவன். அதனால முதல்ல கொஞ்சம் வரலாறு, கடைசியில் லிங்க் விஷயம். இழை நீளம், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
என் கதை சின்னது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நைட் டியூட்டி. பாம்புக்கடி கேஸ், ரொம்ப தாமதமா கொண்டு வந்தாங்க. எங்களால காப்பாத்த முடியல. பையனுக்கு வயசு 19. அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் கேட்கல, சும்மா பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

விடியற்காலை நாலு மணிக்கு டியூட்டி ரூம்ல உட்கார்ந்து, பௌத்தம் கோர்ஸ்னு தேட ஆரம்பிச்சேன். ஏழு மணிக்குள்ள நாலு கோர்ஸ்ல சேர்ந்துட்டேன். நாலையும் முடிக்கல.

3/
ஏன் முடிக்கலன்னு ரொம்ப நாள் புரியல. சோம்பேறித்தனம்னு நினைச்சேன். அப்புறம் பழைய யாத்திரிகர்களைப் பத்திப் படிச்சப்போதான் பதில் கிடைச்சது.

அவங்க யாரும் "பௌத்தம் படிக்கணும்"னு கிளம்பல. ஒவ்வொருத்தரும் ஒரு குறிப்பிட்ட குறையோட கிளம்பினாங்க. என்ன வேணும், எந்த மொழியில் இருக்கு, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா யார் திருத்துவாங்க? இந்த மூணுக்கும் பதில் தேடித்தான் நடந்தாங்க. நான் அந்த மூணையும் யோசிக்காம பட்டனை அமுக்கிட்டேன்.

4/
முதல்ல, புத்தகமே இல்லாத காலம்.

புத்தர் எதையும் எழுதி வைக்கல. அவருக்குப் பிறகு பல நூற்றாண்டுகள் எல்லாமே மனப்பாடம்தான். இதுக்குன்னே 'பாணகர்'னு துறவிகள் இருந்தாங்க. நீண்ட சூத்திரங்களுக்கு ஒரு குழு, நடுத்தர அளவு சூத்திரங்களுக்கு இன்னொரு குழு. நம்ம ஆஸ்பத்திரியில் ஆர்த்தோ, கார்டியோன்னு பிரிஞ்சிருக்கிற மாதிரி. கூட்டமாச் சேர்ந்து ஓதுவாங்க. ஒருத்தர் தப்பு பண்ணினா பக்கத்துல இருக்கிறவர் குரல் காட்டிக்கொடுத்துடும்.

5/
இந்த முறைக்கு ஒரே ஒரு ஆபத்து. ஆள் செத்தா நூலும் செத்துடும்.

கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் அது கிட்டத்தட்ட நடந்தே போச்சு. தமிழகத்திலிருந்து படையெடுப்பு, கூடவே கொடும் பஞ்சம். துறவிகள் பலர் பட்டினியில் இறந்தாங்க. 'மகாநித்தேசம்' என்ற நூலை மனப்பாடமா அறிஞ்சவர் ஒரே ஒரு துறவிதான் மிஞ்சினார்னு பாலி உரைகள் சொல்லுது. அவர் ஒழுக்கம் சரியில்லாதவராம்! ஆனாலும் நூல் அழியக்கூடாதுன்னு மத்தவங்க அவர்கிட்ட போய் உட்கார்ந்து பாடம் கேட்டாங்க.

6/
அந்த பயத்துக்குப் பிறகுதான், வட்டகாமணி அபயன் காலத்தில், மாத்தளை பக்கம் அலுவிகாரையில் துறவிகள் கூடி திரிபிடகத்தை ஓலையில் எழுதினாங்கன்னு மரபு சொல்லுது. இன்னிக்கு நீங்க போன்ல ஒரு சுத்தத்தைத் திறந்து படிக்கிறீங்கன்னா, அதுக்குப் பின்னால இந்தப் பஞ்சமும் இருக்கு.

7/
அடுத்து கி.பி. 5ஆம் நூற்றாண்டு. புத்தகோசர்.

இந்தியாவில் மூலநூல் இருக்கு, பழைய உரைகள் இல்ல. உரைகள் இலங்கையில், சிங்கள மொழியில் இருக்குன்னு அவரோட ஆசிரியர் ரேவதர் சொல்லி அனுப்பினதா மகாவம்ச மரபு. அனுராதபுரம் மகாவிகாரைக்குப் போய் "உரைகளைக் கொடுங்க, பாலியில் எழுதுறேன்"னு கேட்டார்.

உடனே கொடுக்கல. ரெண்டு பாடலைக் கொடுத்து, "இதுக்கு முதல்ல விளக்கம் எழுது, உன் தகுதியைப் பார்ப்போம்"னு சொன்னாங்க. அந்த என்ட்ரன்ஸ் பரீட்சைக்கு எழுதின விடைதான் 'விசுத்திமக்கம்'. இன்னிக்கும் தேரவாத பௌத்தத்தின் முக்கியமான கையேடு.

8/
டாக்டர்களுக்குப் பிடிச்ச ஒரு இடம் அதுல உண்டு. நாலு உண்மைகளை அவர் ஒரு நோயோட ஒப்பிடுறார். துக்கம் நோய் மாதிரி, அதன் தோற்றம் நோயின் காரணம் மாதிரி, அதன் முடிவு நோய் தீர்வது மாதிரி, மார்க்கம் மருந்து மாதிரி. நம்ம கேஸ் ஷீட் வரிசைதான்!

இன்னொரு தகவல். அங்குத்தர நிகாய உரையின் முடிவில், தான் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவரே குறிப்பிடுறார். அவர் காலத்தையொட்டி வாழ்ந்த புத்ததத்தர் நம்ம உறையூர்க்காரர். பாலி இலக்கியத்தில் தமிழ்நாட்டுக்கு இப்படி ஒரு பங்கு இருக்குன்னு எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் சொல்லித் தரல.

9/
இப்போ சீனா. பாஹியான்.

பள்ளிப் புத்தகத்தில் 'குப்தர் காலத்தில் வந்த சீன யாத்திரிகர்'னு ஒரே வரி. அவர் ஏன் வந்தார்? சீனாவில் அப்போ துறவிகளுக்கான ஒழுங்கு விதிகள், அதாவது வினய நூல்கள், அரைகுறையாத்தான் இருந்தது. அதைத் தேடி கி.பி. 399இல் சாங்கானிலிருந்து கிளம்பினார். பாலைவனம், பனிமலை எல்லாம் தாண்டி மத்திய இந்தியா வந்து சேர ஆறு வருஷம்.

10/
வந்து பார்த்தா வட இந்தியாவில் ஆசிரியர்கள் எல்லாரும் வாய்மொழியாத்தான் சொல்லிக் கொடுக்கிறாங்க. காப்பி எடுக்க ஓலையே இல்ல! அதனால இன்னும் கிழக்கே நடந்து பாடலிபுத்திரம் போனார். அங்கே நூல் கிடைச்சது. ஆனா மொழி தெரியாதே? மூணு வருஷம் உட்கார்ந்து சமஸ்கிருதம் படிச்சு, வினய நூலைக் கையால எழுதி எடுத்தார்.

கூட வந்தவங்க சிலர் வழியிலேயே இறந்தாங்க, சிலர் திரும்பிட்டாங்க. கடைசி வரை கூட இருந்த நண்பர் இந்தியாவிலேயே தங்கிட்டார்.

11/
தனியா இலங்கை போனார். அங்கே ஒரு விகாரையில் புத்தர் சிலை முன்னால யாரோ ஒரு வணிகர் காணிக்கையா வச்ச வெள்ளைப் பட்டு விசிறியைப் பார்த்தார். சீனத்து விசிறி. ஊரை விட்டு வந்து இத்தனை வருஷம். அவர் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இதை அவர் மறைக்காம தன் பயண நூலில் பதிவு பண்ணியிருக்கார்.

12/
திரும்பும்போது கப்பல் புயலில் மாட்டுச்சு. பாரத்தைக் குறைக்க எல்லாரும் சாமான்களைக் கடலில் வீசுறாங்க. இவர் தன்னோட குடத்தையும் பாத்திரத்தையும் வீசினார். அவருக்கு ஒரே பயம், வணிகர்கள் தன் புத்தகங்களையும் வீசிடுவாங்களோன்னு. புத்தகம் தப்பிச்சது. 412இல் சீனா போய்ச் சேர்ந்தார்.

நான் பாதியில் விட்ட நாலு கோர்ஸையும் இந்த இடத்தில் நினைச்சுக்கிட்டேன். கொஞ்சம் கூச்சமா இருந்தது.

13/
ரெண்டு நூற்றாண்டு கழிச்சு யுவான் சுவாங்.

இவரோட குறை வேற. சீனாவில் ஒவ்வொரு ஆசிரியரும் யோகாசாரத் தத்துவத்தை ஒவ்வொரு மாதிரி சொன்னாங்க. மொழிபெயர்ப்புகள் முரண்பட்டன. மூலத்தையே பார்த்துடணும்னு முடிவு பண்ணினார். நாட்டை விட்டு வெளியே போகத் தடை இருந்த நேரம். ரகசியமாக் கிளம்பினார்.

14/
நாளந்தா வாசலிலேயே அறிஞர்கள் கேள்வி கேட்பாங்க. பத்துப் பேர் வந்தா ஏழெட்டுப் பேர் தோத்துத் திரும்புவாங்கன்னு அவரே சொல்றார். உள்ளே பௌத்தம் மட்டும் இல்ல. இலக்கணம், தர்க்கம், மருத்துவமும் பாடம்.

அவருக்குப் பாடம் சொன்னவர் தலைமை ஆசிரியர் சீலபத்ரர், முதியவர். அவருக்கு இருபது வருஷத்துக்கு மேல கை கால்களில் தாங்க முடியாத வலி இருந்ததா யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு சொல்லுது. படிக்கும்போது எனக்கு உடனே கவுட் ஞாபகம் வந்தது. ஆனா 1400 வருஷத்துக்கு முந்தின பேஷன்ட்டுக்கு டயக்னோசிஸ் எழுதுறது நியாயம் இல்ல. விட்டுடுறேன்.

15/
சீலபத்ரரோட குரு யார் தெரியுமா? தர்மபாலர், நம்ம காஞ்சிபுரத்துக்காரர். நாளந்தாவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்.

யுவான் சுவாங் காஞ்சிக்கும் வந்தார். நூறுக்கு மேல் மடங்கள், சுமார் பத்தாயிரம் துறவிகள்னு குறிச்சு வச்சிருக்கார். இங்கிருந்து இலங்கை போய் மேலே படிக்கத் திட்டம். ஆனா அங்கே பஞ்சம், குழப்பம்னு தப்பி வந்த துறவிகளைக் காஞ்சியிலேயே சந்திச்சார். அவங்ககிட்ட யோகாசாரத்தில் சந்தேகம் கேட்டார். சீலபத்ரர் சொன்னதைத் தாண்டி அவங்களால சொல்ல முடியல. பயணத்தைக் கைவிட்டார். டெமோ கிளாஸ் பார்த்துட்டு முடிவெடுக்கிற மாதிரி!

645இல் ஊர் திரும்பும்போது 657 நூல்கள், 20 குதிரைகள் சுமந்து வந்தது.

16/
மூணாவது ஆள் இத்சிங். இவர்தான் நமக்கு ரொம்ப உபயோகமானவர்.

671இல் கப்பல் ஏறினார். நேரா நாளந்தா போகல. சுமத்ராவில் ஸ்ரீவிஜயத்தில் இறங்கி ஆறு மாசம் சமஸ்கிருத இலக்கணம் படிச்சார். அப்புறம்தான் இந்தியா. நாளந்தாவில் சுமார் பத்து வருஷம். பிறகு சீனத் துறவிகளுக்கு ஒரு அறிவுரையும் எழுதினார்: இந்தியா போறதுக்கு முன்னால ஸ்ரீவிஜயத்தில் ஒண்ணு ரெண்டு வருஷம் தங்கி அடிப்படையைப் படிச்சுக்கிட்டுப் போங்க.

17/
அவர் நூலில் கை கழுவுறது, சாப்பிட்டதும் வாயைச் சுத்தம் பண்றது, பல் குச்சி, நோய் வந்தா பட்டினி இருக்கிறதுன்னு ஏகப்பட்ட சுகாதாரக் குறிப்புகள். வார்டுல மாட்டி வைக்கலாம்.

ஒரு கூத்தும் நடந்தது. 689இல் ஸ்ரீவிஜயத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும்போது காகிதமும் மையும் தீர்ந்து போச்சு. ஊருக்குக் கடிதம் கொடுத்தனுப்ப ஒரு கப்பலில் ஏறினார். காத்து சாதகமா வீச, கப்பல் அவரையும் சேர்த்துக்கிட்டு சீனாவுக்குக் கிளம்பிடுச்சு! அங்கே போய் ஆளும் காகிதமும் சேர்த்துக்கிட்டுத் திரும்ப வந்தார்.

18/
இவ்வளவு தூரம் போகாம ஊரிலேயே இருந்து படிச்சவர் உண்டா? உண்டு. கும்பகோணத்தில்.

உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பிக்க எடுத்தப்போ, அதில் வர்ற பௌத்தக் கருத்துகளை விளக்க இங்கே யாரும் இல்ல. அந்த மரபு தமிழ்நாட்டில் அறுந்து நூற்றாண்டுகள் ஆச்சு. ஐரோப்பியர் எழுதின ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தது. ஐயருக்கு ஆங்கிலம் தெரியாது.

19/
அதே கல்லூரியில் இருந்த ரங்காசாரியர் அந்தப் புத்தகங்களைப் படிச்சு அவருக்குத் தமிழில் சொன்னார். ஐயர் கேட்டு, மணிமேகலை வரிகளோட பொருத்திப் பார்த்து, மறுபடி கேட்டுப் புரிஞ்சுக்கிட்டார். 1898இல் நூல் வந்தது, புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் பற்றிய விளக்கத்தோட.

பாலிக்கும் நமக்கும் நடுவில் லண்டன் இருந்தது, உண்மைதான். ஆனா அவருக்குத் தேவை தெளிவா இருந்தது. கையில் இந்த நூல், புரியாத இந்த இடங்கள். சந்தேகம் கேட்க ஒரு ஆளும் இருந்தார்.

20/
இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். நாலு வகையாப் பிரிச்சுக்கோங்க.

ஒண்ணு, மொத்தமா ஒரு அறிமுகம் வேணும்னா: எட்எக்ஸ் தளத்தில் ஹார்வர்டின் 'புத்திசம் த்ரூ இட்ஸ் ஸ்கிரிப்சர்ஸ்'. நூல்களை வச்சே சொல்லித் தருவாங்க. மனசு, உளவியல் பக்கம் ஆர்வம்னா கோர்செராவில் ராபர்ட் ரைட்டின் 'புத்திசம் அண்ட் மாடர்ன் சைக்காலஜி'. ஆனா இது ஒருத்தரோட வாதம், முழு பௌத்தமும் இல்லன்னு ஞாபகம் வச்சுக்கிட்டுப் பாருங்க.

21/
ரெண்டு, மூலநூல் வேணும்னா கோர்ஸே வேண்டாம். பழைய சுத்தங்களுக்கு சுத்தசென்ட்ரல், திபெத்திய மரபு நூல்களுக்கு 84000. ரெண்டும் இலவசம். பாஹியான் மூணு வருஷம் உட்கார்ந்து எழுதி எடுத்த மாதிரியான நூல்கள் ஒரு தொடுதலில் வருது.

மூணு, மொழி. ஆக்ஸ்போர்டு பௌத்த ஆய்வு மையம் பாலியை ஆன்லைனில் சொல்லித் தருது. 'தம்ம'ன்னா தர்மம்னு சட்டுன்னு பிடிபடுற தமிழனுக்குப் பாலி அவ்வளவு அந்நியம் இல்ல.

22/
நாலு, தியானம். இது படிப்பு இல்ல, பயிற்சி. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கோயங்கா மரபின் பத்து நாள் விபஸ்ஸனா நேர்ல போய்த் தங்கிச் செய்யறது. வாரக்கடைசியில் சர்டிபிகேட் தர்ற ஆன்லைன் தியானக் கோர்ஸ்களை நான் யாருக்கும் சொல்றதில்ல.

ஒரு மருத்துவரா இதையும் சொல்லணும். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்க தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க. நீண்ட மௌனப் பயிற்சிக்குப் போறதுக்கு முன்னால உங்க மனநல மருத்துவர்கிட்ட கேளுங்க.

23/
சேர்றதுக்கு முன்னால ஒரு காகிதத்தில் மூணு வரி எழுதுங்க. எனக்கு எது புரியல? அதுக்கான நூல் எது, எந்த மொழியில்? நான் தப்பாப் புரிஞ்சா சொல்ல யார் இருக்கா?

முதல் ரெண்டுக்கும் இணையம் உதவும். மூணாவதை நீங்கதான் தேடிக்கணும். வீடியோவுக்கு உங்க தப்பு தெரியாது.

24/
நான் என்ன எழுதினேன்னு கேட்பீங்க. "சாவைப் பத்தி பழைய சுத்தங்கள் என்ன சொல்லுது?" அவ்வளவுதான்.

இப்போ ஞாயிறு ராத்திரி மூணு பேர் வீடியோ காலில் கூடுறோம். நான், எங்க ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் அண்ணன், ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியை. வாரம் ஒரு சுத்தம். ஐயா அம்மா பாகுபாடு இல்லாம ஒருத்தரை ஒருத்தர் திருத்துவோம். டியூட்டி வந்தா அந்த வாரம் லீவு. ஒன்றரை வருஷமா ஓடுது. அந்த அம்மாவுக்குச் சொல்ல என்கிட்ட இன்னும் பதில் இல்ல. ஆனா இப்போ அப்படிப்பட்ட நேரத்தில் வார்டை விட்டு ஓடாம, பக்கத்துல கொஞ்ச நேரம் நிக்க முடியுது.

25/
கமென்ட்ல 'லிங்க் ப்ளீஸ்'னு போடாம, உங்க முதல் வரியைப் போடுங்க. உங்களுக்கு எது புரியலன்னு. எனக்குத் தெரிஞ்ச நூலைச் சொல்றேன், தெரியாததைத் தமிழாசிரியை அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன். நாளைக்கு ஓபி இருக்கு, பதில் கொஞ்சம் லேட்டாகும்.